இது நான் போட்ட கட்டு இல்ல!

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் கிள்ளான் நகரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சர்க்கரை நோயால் என் இடது கால் பெருவிரலில் புண் வந்து, ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நர்ஸ் ஒருவர் வீட்டுக்கே வந்து மருந்து வைப்பார். கூடவே பந்திங் என்ற ஊரிலிருந்து உதவியாளர் பெண் ஒருத்தி வருவாள். பழைய கட்டைப் பிரிப்பதும் புதுக் கட்டுப் போடுவதும் அவள் வேலை.

நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள். எதுவானாலும் நர்ஸிடம்தான் பேசுவேன். பை தூக்க வருகிறவள்தானே என்று அந்தப் பெண்ணைக் கண்டுகொள்ளவே மாட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இரண்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு நாளாக அழுதுகொண்டே இருந்தேன்.

அடுத்த முறை வந்தபோது நர்ஸ் வாசலில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என் கட்டைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஆன்டி, இது நான் போட்ட கட்டு இல்ல. நான் பிளாஸ்டர மேல் பக்கம்தான் ஒட்டுவேன். இது கீழ இருக்கு.”

“நீ மறந்திருப்ப லா” என்று மழுப்பினேன். அவள் விடவில்லை. கடைசியில் உண்மையைக் கக்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் நாற்றமடிக்கும் கட்டைக் கொடுப்பதா என்று கூசி, அவர்கள் வரும் நாளெல்லாம் காலையிலேயே நானே அதைப் பிரித்து, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, அவள் கட்டுவது போலவே புதிதாகக் கட்டி வைத்துவிடுவேன். அன்று அழுத கண்ணோடு கட்டியதில் பிளாஸ்டர் இடம் மாறிவிட்டது.

“ஐயோ ஆன்டி! அந்த அழுக்குக் கட்டுதான் எங்களுக்கு வேணும். எவ்ளோ சீழ், என்ன கலர்னு அதப் பாத்துதான் நர்ஸ் மிஸ்ஸி என்ன மருந்துன்னு சொல்லுவாங்க” என்றவள், ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னாள். கழுவிய புண்ணை மட்டுமே பார்த்து, சீழ் இருப்பதே தெரியாமல் இத்தனை நாள் மருந்து வைத்துவிட்டோம் என்று நர்ஸ் உடனே டாக்டரிடம் பேசினார். மருந்தை மாற்றி, நான் கட்டைத் தொடாமல் மூன்று வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

வாராவாரம் அந்தப் பெண் புண்ணின் மேல் கண்ணாடித் தாளைப் பிடித்து, அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து எனக்குக் காட்டுவாள். ரம்புத்தான் கொட்டை அளவிலிருந்த வட்டம் பச்சைப்பயறு அளவுக்கு வந்தது!

மூன்றாவது வாரம் டாக்டர் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, எடுக்க வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கை தட்டினேன். வெளியே வந்ததும் முதல் போன் அவளுக்குத்தான்.

“ஜெயிச்சிட்டோம் லா ஆன்டி!” என்று கத்தினாள்.

ஐந்து விரலும் தரையில் பதிய நடக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இப்போது வைத்தியம் பார்க்க யார் வந்தாலும், அவர் என்ன பதவி என்று நான் பார்ப்பதுமில்லை, கூச்சப்பட்டு எதையும் மறைப்பதுமில்லை.