குடலை இட்லியும் ஃபோலிக் அமிலமும்

உயிர்வேதியியல் பாடம் நடத்துகிற ஒருவன் எவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்று யாருக்காவது அளக்கத் தோன்றினால், என்னையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மனைவி முழுகாமல் இருந்தபோது, டாக்டர் எழுதிக்கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தச் சொன்ன மேதை நான்.

காரணம் இருந்தது. என்னிடம் எதற்குத்தான் காரணம் இருக்காது? பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்று ஒன்று உண்டு. பட்டுச்சேலையின் உடல் மாதிரி அது நடுவில் நிற்க, இருபுறமும் வேறு இரண்டு மூலக்கூறுகள் கரைபோலக் கோத்துக்கொண்டால் ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமின். இப்படிக் கோர்வை போடுகிற தறி மனித உடம்பில் கிடையாது. புளித்த மாவின் பாக்டீரியாவுக்கு உண்டு.

"நம்மூரு குடலை இட்லி இருக்கும்போது மாத்திரை எதுக்கும்மா? மாவுக்குள்ள ராத்திரி பூரா நெசவு நடந்துகினே இருக்குது."

"அந்த நெசவாளிங்களுக்காவது லீவு உண்டா, இல்ல உங்க பேச்சக் கேட்டுக்கினே நெய்யணுமா?" என்றாள்.

பெருமாள் கோயில் பக்கத்து மெஸ்ஸில் தினமும் வாங்கி வந்தேன். சுக்கு வாசனை பட்டதும் அவள் வாந்தியெடுக்க ஓடுவாள். "ரெண்டு வாய், குழந்தையோட முதுகுத்தண்டுக்கு" என்று தட்டோடு பின்னாலேயே நான் ஓடுவேன். மிச்சமெல்லாம் எனக்குத்தான். அவளுக்கு முன்னால் எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது.

அடுத்த பரிசோதனையில், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று டாக்டரம்மா கேட்டார். நான் முந்திக்கொண்டு கோர்வைப் பாடம் முழுவதையும் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த இட்லி எவ்ளோ நேரம் வேகும் சார்?" என்றார்.

"மூங்கில் குடலையில மந்தாரை இலை போட்டு, மணிக்கணக்கா..." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. உணவில் இருக்கும் அந்த வைட்டமின் நீண்ட நேரச் சூட்டில் பெருமளவு சிதைந்துவிடும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுகிறவனும் நானே. நெய்ததையெல்லாம் அவித்துக் கொன்றுவிட்டு, சக்கையைத் தட்டில் ஏந்தி ஓடியிருக்கிறேன். முதுகுத்தண்டு உருவாகிற வாரங்களோ முடிந்தேவிட்டன.

"ஐயோ டாக்டர், மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டேனே!" என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

மனைவி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான் நிறுத்தினாத்தானே?"