மோரில் ஒரு சிட்டிகை

படிப்புப் பைத்தியம் பிடித்தவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தாதி வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒரு சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். அடுத்த மாதமே நோயாளியின் பக்கம் தலைகாட்டாமல் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால், நாற்பதைத் தாண்டிய வயதில் ஒவ்வாமைப் பராமரிப்பில் முதுநிலைப் பட்டயம் படிக்கப் போகிறேன் என்று பிரசாந்தி வந்து நின்றபோது, "ஏன், வீட்டுல சண்டையா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரித்தவள் இப்போது கண் சிகிச்சைப் பிரிவில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் ஏன் அலர்ஜி கிளினிக்கை விட்டுப் போனாள் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பிரசாந்திக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம். அவளுடைய அப்பா ஏரம்பமூர்த்தி அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மகளை டாக்டராகப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மதிப்பெண் காலை வாரிவிட்டது. தாதிப் பயிற்சிக்குப் போனாள். சொந்தக்காரர்கள் கேட்டால் "மகள் ஆஸ்பத்திரியில வேலை செய்றா" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை மாற்றிவிடுவாராம். என்ன வேலை என்று கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. இதை அவள் வேடிக்கை மாதிரிதான் சொல்வாள். ஆனால் அடிக்கடி சொல்வாள்.

கிளினிக்கில் அவள் கெட்டிக்காரி. குழந்தையின் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஊசிமுனையால் லேசாகக் கீறி, எது தடிக்கிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நாங்கள் செய்தால் பிள்ளைகள் ஊரைக் கூட்டும். அவள் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பெயர் வைத்து, எந்தச் சொட்டு முதலில் வீங்கிச் சண்டைக்கு வருகிறது பார்க்கலாம் என்று பந்தயம் கட்டுவாள். பிள்ளைகள் அழ மறந்து கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வகுப்பு சனிக்கிழமை பகல் முழுக்க. வார நாட்களில் வேலை முடிந்து புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குப் போய், சமைத்து வைத்துவிட்டு இணையத்தில் உட்கார வேண்டும். கணவர் வசீகரன் நல்ல மனிதர், வாயைத் திறக்க மாட்டார். மகள் மதுரா மட்டும், "அம்மாவுக்கு எக்ஸாம், எனக்கு இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்" என்று கேலி செய்வாள். உடன் படித்தவர்கள் தாதியர், மருந்தாளர்கள், உணவு ஆலோசகர்கள். எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். பாடத்தில் வந்த சாப்பாடெல்லாம் ரொட்டி, பாஸ்தா, பிறந்தநாள் கேக், மிஞ்சிப்போனால் சோயா சாஸ்.

"பாக்கியக்கா, நம்ம சாப்பாட்டைப் பத்தி ஒரு ஸ்லைடு கூட இல்ல. இட்லி, தோசை, வடை சாப்பிடறவங்களுக்கு அலர்ஜியே வராதா?" என்று என்னிடம் எரிந்து விழுந்தாள். கடைசி ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டாள். தமிழ் வீடுகளில் கோதுமை ஒவ்வாத குழந்தையை வளர்ப்பது எப்படி என்பது தலைப்பு. எங்கள் கிளினிக் மருத்துவர் அப்துல் அலீம், ரொம்பத் தேவையானது, செய்யுங்கள் என்றார். அவர் சொன்ன அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்பா உயிரோடு இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பாள்.

அந்த ஆய்வுக்குக் கிடைத்த குழந்தைதான் ஜெய். ஆறு வயது. ஃபேரர் பார்க் பக்கம் வீடு. அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா ரோஷினி சின்னப் பெண், எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். ஜெய்க்குக் கோதுமை கொஞ்சமும் ஆகாது. பரோட்டாக்கடை வாசலில் கூட ரோஷினி அவனை நிறுத்த மாட்டாள். வீட்டில் சப்பாத்தி, ரவை, சேமியா எதுவும் கிடையாது. கணவருக்கு ரொட்டி வேண்டுமென்றால் வெளியே தின்றுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அவசரத்துக்குத் தொடையில் குத்தும் அட்ரினலின் ஊசி குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு டப்பாவில் இருந்தது. எல்லாம் பிரசாந்தி சொல்லிக்கொடுத்ததுதான்.

இவ்வளவு இருந்தும் அவ்வப்போது அவன் உதட்டோரம் தடித்தது, கழுத்தில் அரிப்பு வந்தது. எதனால் என்று தெரியவில்லை. பிரசாந்திக்கு அது மண்டையைக் குடைந்தது. "சமையலறையில இருக்கற பாக்கெட், பாட்டில் எல்லாத்தையும் தூக்கிட்டு வாம்மா" என்றாள். ரோஷினி இரண்டு பெரிய பைகளில் அள்ளிக்கொண்டு வந்தாள். உளுந்து, சாம்பார்ப்பொடி, ஊறுகாய், பிஸ்கட், பற்பசை கூட. இரண்டு பேரும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. நான் அந்தப் பக்கமாகப் போகும்போது, "கடை போட்டுட்டீங்களா?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. பிரசாந்தி என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். வகுப்பில் தேநீர் இடைவேளை. ரோஷினியிடமிருந்து போன்.

"அக்கா, டிஸ்டர்ப் பண்றேனா? ஜெய் சோறு சாப்பிட்டதிலேருந்து வயிறு வலிக்குதுங்கிறான்."

"தடிப்பு இருக்கா? வாந்தி? மூச்சு விடறான்ல நல்லா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கான். கீழே போயி பந்து விளையாடணும்னு நிக்கிறான்."

"அப்ப வாயுவா இருக்கும் லா. வேகமா சாப்பிட்டானா?"

"ஆமாக்கா, அள்ளிப் போட்டுக்கிட்டான். மோர்ல கொஞ்சம் பெருங்காயம் போட்டுக் கொடுக்கவா?"

"கொடு, கொடு. நல்லா போட்டே கொடு. மதுராவுக்கும் நான் அப்படித்தான் கொடுப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு. எந்த வீட்டிலும் நடக்கிற பேச்சு. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வயிற்று வலி என்றால் நமக்குக் கை தானாகப் பெருங்காயத்துக்குப் போகும். அது சாப்பாடு என்றே நாம் நினைப்பதில்லை. பிரசாந்தி போனை வைத்துவிட்டு வகுப்புக்குள் போய், அடுத்த வாரம் படைக்க வேண்டிய ஆய்வின் படங்களைச் சரிபார்த்திருக்கிறாள்.

ஜெய் மோரைக் குடித்துவிட்டுக் கீழே விளையாடப் போனான். பக்கத்து வீட்டு ஆமினா பீவியின் மகனும் கூட இருந்தான். ஓடிக்கொண்டிருந்தவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான், பிறகு உட்கார்ந்தான், பிறகு சரிந்தான். ஆமினா பீவிதான் பார்த்துக் கத்தினாள். ரோஷினி கீழே ஓடி வந்து பார்த்து, ஊசிக்காக மறுபடி மேலே ஓடி, மின்தூக்கிக்குக் காத்து நின்று, எடுத்துக்கொண்டு இறங்கினாள். தொடையில் சரியாகத்தான் குத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ செய்தார்கள். பிள்ளை பிழைக்கவில்லை.

கடுமையான ஒவ்வாமை என்று அறிக்கை சொன்னது. எதனால் என்று சொல்லவில்லை. ஆனால் ரோஷினிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஆமினா பீவி தன் மகனுக்குக் கீழே பிஸ்கட் கொண்டுபோயிருந்தாள். ஜெய்க்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று அந்தப் பெண் குர்ஆன் மீது சத்தியம் செய்து அழுதாள். மயங்கிய பிள்ளையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு கதறியவளே அவள்தான். ரோஷினி கேட்கவில்லை. சாவு வீட்டு வாசலில் வைத்தே, "எம்புள்ளைய கொன்னுட்டு இங்க எதுக்கு வர்ற?" என்று கேட்டாள். அங்கே நின்ற எங்களுக்கெல்லாம் தலை குனிந்துவிட்டது. பிறகு ஆமினா பீவி ரோஷினியின் கண்ணில் படாமலிருக்க வேறு தளத்துக்கு நடந்துபோய் மின்தூக்கி ஏறத் தொடங்கினாள்.

பிரசாந்தி ஒரு மாதம் போல நடைப்பிணமாக வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு அது துக்கம் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ரசம் வைக்கும்போது பெருங்காயம் தீர்ந்திருந்தது. மஞ்சள் நிறப் புது டப்பாவை உடைத்து, எப்போதும் போல அஞ்சறைப்பெட்டியில் கொட்டப்போனாள். படிப்புப் பழக்கம் பாருங்கள், கொட்டுவதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பொடி எழுத்தில், பெருங்காயத்துக்கும் முன்னால், கோதுமை மாவு என்று இருந்தது. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து அணைந்ததை வசீகரன் வந்துதான் பார்த்தாராம்.

மறுநாள் இரண்டு பேரும் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். சில டப்பாக்களில் அரிசி மாவு, பலவற்றில் கோதுமை. தனிப் பெருங்காயத்தின் காட்டத்தை யாராலும் தாங்க முடியாது, மாவு கலந்துதான் விற்பார்கள் என்று கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார். ரோஷினி பை பையாக அள்ளி வந்தபோது பெருங்காயம் மட்டும் வராமல் போனதற்குக் காரணம், அது பாக்கெட்டில் இல்லை, அஞ்சறைப்பெட்டியில் இருந்தது. பிரசாந்தியும் கேட்கவில்லை. சாம்பாரில் சட்டிக்கு ஒரு சிட்டிகை என்றால் உதட்டில் தடிப்போடு போயிற்று. ஒரு டம்ளர் மோரில் நல்லா போட்டு, அந்த வயிற்றோடு ஓடி ஆடினால் ஒவ்வாமை எப்படி முற்றும் என்று அவள் பாடத்திலேயே இருந்தது.

அவள் மறைக்கவில்லை. நேராக அப்துல் அலீமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ரோஷினி வீட்டுக்குப் போய் எந்த டப்பா என்று பார்க்க வேண்டும், குடும்பத்தை முறையாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும், மேலே அனுமதி வாங்க வேண்டும், அதுவரை தனியாகப் போகாதீர்கள் என்றார். அவர் மீது தப்பில்லை. ஆனால் மேலே இருப்பவர்கள் கூட்டம் போட்டார்கள், தள்ளிப் போட்டார்கள், மறுபடி கூட்டம் போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

இதற்கிடையில் ஆமினா பீவி வீட்டை மாற்றிக்கொண்டு பாசிர் ரிஸ்ஸில் தங்கை வீட்டுப் பக்கம் போகப் போகிறாள் என்று கேள்விப்பட்டோம். அன்றைக்குப் பிரசாந்தி, "அக்கா, என்னால முடியல. நான் போறேன். நீங்க கூட வர்றீங்களா?" என்றாள். போனால் வேலைக்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. ரோஷினி காறித் துப்பட்டும், அடிக்கட்டும், அந்த ஆமினா பீவியை விட்டுவிடட்டும் என்பதுதான் அவளுக்கு. நானும் போனேன்.

ரோஷினி கதவைத் திறந்து, "வாங்கக்கா" என்றாள். பாதியாக இளைத்திருந்தாள். மாலை போட்ட படத்துக்குக் கீழே பந்து இருந்தது. தேநீர் போட எழுந்தவளைப் பிரசாந்தி உட்காரச் சொன்னாள். பெருங்காய டப்பா எங்கே என்று கேட்டாள். அஞ்சறைப்பெட்டியில் கொட்டிய பிறகு பொத்தான் போட்டு வைத்திருந்த டப்பாவை ரோஷினி ஒன்றும் புரியாமல் எடுத்துக்கொண்டு வந்தாள். பிரசாந்தி வீட்டில் இருந்த அதே மஞ்சள் நிற டப்பா.

பிரசாந்தி சுற்றி வளைக்கவில்லை. டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். "ரோஷினி, ஆமினா ஒண்ணும் கொடுக்கல. இதுதான். நான்தான் கொடுன்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இது என் தப்பு. என்ன வேணும்னாலும் சொல்லு, என்னைத் திட்டு."

ரோஷினி டப்பாவைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பவள் போல வெகு நேரம் பார்த்தாள். நான் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவள் கத்தவில்லை.

"இத்தனை நாளா ஆமினாக்காவத் திட்டிக்கிட்டே எந்திரிப்பேன், திட்டிக்கிட்டே படுப்பேன்" என்றாள். "அதுலயே எப்படியோ பொழுது போச்சு."

"அவங்க பாவம்மா" என்றேன் நான்.

"தெரியுதுக்கா." அவள் என்னைப் பார்க்கவில்லை. பிரசாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். "நீங்க போன்ல கொடுன்னுதானேக்கா சொன்னீங்க. அவன் ஒரு வாய் குடிச்சிட்டு, தொண்டையில என்னமோ பண்ணுதும்மா, வேணாம்னு டம்ளரைத் தள்ளி விட்டான். இதுக்கெல்லாம் அடம் பண்ணுவியான்னு நான்தான் மடியில போட்டு, மூக்கைப் புடிச்சு மிச்சத்தை ஊத்தினேன்."