குளிர் அறைக்குப் போன கஷாயம்

சிங்கப்பூரில் குளிருக்குப் பயந்து வாழ்ந்தோம் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு குளிர்க்கிடங்கில் வேலை. கப்பலில் வந்த ஆட்டிறைச்சியைத் தோளில் சுமந்து உள்ளே கொக்கியில் மாட்டணும். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், கதவுக்கு அந்தப் பக்கம் மீசை விறைக்கிற குளிர். இரண்டுக்கும் நடுவே நாள் பூரா போய்வந்தால் எந்த உடம்புதான் தாங்கும்?

சுங்கை ரோட்டுச் சந்தையில் வெள்ளைக்காரச் சிப்பாய் கழித்துப் போட்ட கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கினோம். பனியனுக்குள்ளே நெஞ்சுக்கும் முதுகுக்கும் பழைய பேப்பர். காதில் பஞ்சு, கால் விரலிடுக்கில் நல்லெண்ணெய், சப்பாத்துக்கு மேலே சாக்குச் சுற்று. காலையில் அவர் பனியனைக் கரிப்பெட்டியால் தேய்த்துச் சுடச்சுடக் கொடுப்பேன். அந்தச் சூடு பஸ் ஏறுகிறவரைக்கும்கூட நிற்காது. ஆனாலும் தேய்ப்பேன்.

சிங்கப்பூருக்குத் தன்னாட்சி வந்த ஐம்பத்தொன்பதாம் வருஷக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. எங்கப்பாவுக்கும் இழுப்பு உண்டு. காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் பிடிப்பார். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ரங்கூன் ரோட்டுப் பக்கம் காலி மனையில் அந்தச் செடி மண்டிக் கிடந்தது. இலையைப் பறித்துக் காயவைத்து, சட்டியில் கங்கு போட்டு, அவரைப் புகை பிடிக்க வைத்தேன். சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில் கடைக்கு மேல்மாடியில் பலகை அடித்துத் தடுத்த எட்டு அறைகளில் ஒன்று எங்களுடையது. வாடகை வசூலிக்கிற அம்மாள் புகையைப் பார்த்ததும் ஓடி வந்து, "பலகை வீடு! தீப்பிடிச்சா நீயா பதில் சொல்லுவே?" என்று சட்டியைத் தூக்கிக் கொட்டிவிட்டாள்.

சரிதான் போடி என்று நான் யோசனையை மாற்றினேன். புகைக்கே இந்தக் குணம் என்றால் கஷாயத்துக்கு எவ்வளவு குணம் இருக்கும்! சுக்கு, மிளகோடு இலையையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, கசப்பு தெரியாமல் கருப்பட்டியை அள்ளிப்போட்டுப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தேன். ஊமத்தங்காய் பித்தாக்கும் என்று ஊருக்கே தெரியும். நான் காயைத் தொடவில்லையே, இலைதானே? அவரிடம் சொல்லவில்லை. புகை என்றால் மூக்கைக் காட்டுவார், ஊமத்தையைக் குடிக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார். நாலே நாளில் இழுப்பு அடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் அரிசி டின்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யாரு இவன்?"

"எவன்?"

"டின் மேல உட்கார்ந்திருக்கானே, காக்கிச் சட்டை. நான் இல்லாத நேரத்துல இங்க என்ன வேலை இவனுக்கு?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் பழுப்பே இல்லை, முழுக்கக் கறுப்பு. வாய் காய்ந்து நாக்கு ஒட்டியது. சட்டையில் இல்லாத நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். குடித்திருக்கிறாரோ என்று மோந்து பார்த்தேன். சாராய வாடை இல்லை.

அன்றிலிருந்து நானும் உளவு பார்க்க ஆரம்பித்தேன். திங்களிலிருந்து சனி வரைக்கும் இப்படி. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, அன்றைக்கு மனுஷர் பச்சைத் தண்ணி மாதிரி தெளிவாக இருந்தார். மறுவாரமும் அதே கணக்கு. அப்போ கோளாறு வீட்டில் இல்லை, கிடங்கில்தான். அங்கே யார்? அவரோடு ஜோடியாகச் சுமை தூக்கும், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரத் தம்பி. என்னை வாய் நிறைய அண்ணி என்பார், எங்கள் வீட்டு மீன் குழம்பை ரசித்துச் சாப்பிடுவார். கிடங்கில் மண்டோர் வேலை ஒன்று காலியாகப் போகிறது என்று கேள்வி. ஆள் மேய்க்கிற வேலை, குளிருக்குள் போகவேண்டாம். இவர் பித்தானால் அது அவருக்குத்தானே? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று மனசுக்குள்ளேயே அவரைத் திட்டித் தீர்த்தேன்.

"அந்த ஆள் குடுக்கிறதை வாங்கித் தின்னாதீங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவனா? நீதான் சோத்துல ஏதோ மருந்து வைக்கிறே. டின் மேல இருக்கிறவன் சொல்லிட்டான்."

எனக்கு வந்ததே கோபம்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரோட்டோர அம்மன் கோயிலில் நிறுத்தினேன். தரையில் கற்பூரத்தை ஏற்றி, "என் கையால உங்களுக்குக் கெடுதல் எதுவும் குடுக்கலை, குடுத்திருந்தா இந்தக் கை புழுத்துப் போகட்டும்," என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். தோல் கொப்பளித்தது. அவர் அழுதுவிட்டார். மறுநாள் வேலைக்குப் போகும்போது பிளாஸ்கைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் பாவம் மனுஷர் என்று இன்னும் நாலு இலை கூடப் போட்டேன்.

மத்தியானம் கிடங்கிலிருந்து ஆட்கள் வந்து சொன்னார்கள். குளிரறைக்குள் கோட்டைக் கழற்றிவிட்டு, தொங்கும் ஆடுகளோடு பேசிக்கொண்டு நின்றாராம். வெளியே இழுக்கப் போனவர்களை அடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஓடினால் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். காலையிலும் இப்படியே இருந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம் என்று நர்ஸ் சொன்னாள். அங்கே போனவர் எப்போது வருவார்? வந்தாலும் வேலை யார் கொடுப்பார்கள்? நான் நடைவழியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வேதக்காரத் தம்பி வந்தார், கையில் இவருடைய கோட்டும் பிளாஸ்கும். பாய்ந்துவிட்டேன்.

"என்னய்யா குடுத்தே என் புருஷனுக்கு? மண்டோர் வேலைக்காகவா? நீ நல்லா இருப்பியா?"

அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னார்: "அண்ணி, சத்தம் போடாதீங்க லா. முந்தாநாள் எனக்குக் குளிர் தாங்கலை. அண்ணன் பிளாஸ்கிலேர்ந்து ரெண்டு மூடி குடிச்சேன். வாய் காஞ்சு போச்சு. சாயந்தரம் கோயிலுக்குப் போனா மாதா சுரூபம் கண்ணைத் திறந்து திறந்து மூடுது. கையெல்லாம் எறும்பு. மறுநாள் குடிக்கலை, ஒண்ணும் இல்லை. அதுல என்ன போட்டீங்க? நான் யாருகிட்டயும் சொல்லலை. டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, அண்ணனை அங்க அனுப்பிடப் போறாங்க."

பிளாஸ்கை நீட்டினார். அடியில் கொஞ்சம் கிடந்தது, மேலே ஒரு இலைத் துணுக்கு. ஐயோ, அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை எனக்கு விளங்கியது. ஞாயிறு மட்டும்தான் நான் கஷாயம் போடாத நாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கிறவரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"கண்மணி விரிஞ்சு கிடக்கேக்கையே எனக்குச் சந்தேகம்," என்றார். "காயில மட்டுமில்லை அம்மா, இலையிலயும் அந்த விஷம் இருக்கு. மூளைக்குள்ள ஒரு நரம்பு அடுத்த நரம்போட கதைக்க ஒரு ரசாயனம் சுரக்கும். அது போய்ச் சேருற வாசலை இந்த விஷம் அடைச்சுப்போடும். உள்ளதைப் பற்றிச் சரியான சேதி வராட்டில் மூளை சும்மா இருக்குமே? இல்லாததைத் தானே உண்டாக்கும். அவர் பொய் சொல்லேல்லை. அந்தக் காக்கிச் சட்டைக்காரனை அவர் மெய்யாவே கண்டவர்."

ஒரு சொட்டுக் கஷாயமும் குடிக்காமலே நானும் இத்தனை நாள் இல்லாத ஒரு துரோகியைக் கண்டுகொண்டுதானே இருந்தேன்.

"அவருக்குச் சொல்லிடாதீங்க டாக்டர்," என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நான் விஷம் எண்டு மட்டும் சொல்லுறன். மிச்சத்தை நீங்கள்தான் சொல்லோணும்," என்றார்.

மூன்றாம் நாள் அவருக்குத் தெளிந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு போயிற்று. இழுப்புக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்து உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக் கொப்பளத்தைப் பார்த்தார். "கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணினவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. நான் மனுஷனா?" என்று தேம்பினார்.

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணினவள் என்று ஒரு தடவை அவர் மனசில் விழுந்துவிட்டால், அப்புறம் என் கையால் ஒரு வாய் தண்ணி குடிப்பாரா?

அவரே யோசித்தார். "விஷம்னு டாக்டர் சொன்னாரு. என் பிளாஸ்கைத் தொட்டவன் அவன் ஒருத்தன்தான். நீ அப்பவே சொன்னே."

"ஆமா," என்றேன்.

மறுநாள் சாயங்காலம் வேதக்காரத் தம்பி ஒரு ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே, "உள்ள வராதே! என்னைக் கொல்லப் பார்த்துட்டு முகத்துல முழிக்க வந்தியா?" என்று கத்தினார். பலகைக்கு அந்தப் பக்கம் அத்தனை அறையும் மூச்சு விடாமல் கேட்டது. தம்பி வாசலில் நின்று என்னையே பார்த்தார்.

"அண்ணி, நீங்க சொல்லலையா?" என்று மட்டும் கேட்டார்.

"போங்க," என்று நான் கதவைச் சாத்தினேன்.