க்ளெண்டா டார்டாஃபின் உபரி அறைகள்

க்ளெண்டா டார்டாஃபை எனக்கு முதலில் ஒரு கரண்டியாகத்தான் தெரியும். ஆல்டர்ஷா தொடக்கப்பள்ளியின் சமையலறைச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, மசித்த உருளைக்கிழங்கைத் தட்டில் போடுவார். "போதும் மிஸ்" என்றால் இன்னொரு கரண்டி விழும். பத்தொன்பது வருடம் அந்தப் பாத்திரங்களைத் தூக்கியதில் முதுகு போனது. அதன் பிறகு நோயாளிகளுக்கான அரசு உதவித்தொகையில் வாழ்ந்தார். கணவர் எப்போதோ கிளம்பிப் போய்விட்டார். மகன் லீ கடலில் எண்ணெய் எடுக்கும் வேலைக்குப் போனான். மகள் ஜனீன் மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளி, மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். மூர்சைடு குடியிருப்பில் ஊர்க் கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த மூன்று படுக்கையறை வீட்டில் க்ளெண்டா தனியாக இருந்தார். அந்த வீட்டில் அவருக்கு அது முப்பத்தொன்றாவது வருடம்.

2013 சனவரியில் எனக்கு அதே கவுன்சிலில் தற்காலிக வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா பேருந்து நிலையத்தில் பேருந்துகளைக் கழுவுகிறாள். சட்டையில் மாட்டும் அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது அதைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். வேலை இதுதான்: ஏப்ரலில் வரப்போகும் புதிய விதிக்கு மக்களைத் தயார்செய்வது. வீட்டில் ஒரு படுக்கையறை உபரியாக இருந்தால் அரசு தரும் வாடகை உதவியில் ஏழில் ஒரு பங்கு போகும். இரண்டு உபரி என்றால் கால் பங்கு. ஓய்வூதிய வயது வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. க்ளெண்டாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு.

கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பீன்ஸ் வேணாம்னு அழுவியே, அந்த கிர்ஸ்டிதானே நீ? காலேஜ் படிச்சுட்டு கதவு தட்டற வேலையா?"

"கவுன்சில் வேலை மிஸ்."

"அதைத்தான் சொன்னேன்."

உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, நான் கொடுத்த துண்டறிக்கையை மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தார். அதில் நான்கு கட்டங்கள் இருந்தன. குறைவதை நீங்களே கட்டுங்கள். வேலை தேடுங்கள். அறையை வாடகைக்கு விடுங்கள். சின்ன வீட்டுக்கு மாறுங்கள்.

"உபரியாம். அந்தச் சின்ன ரூம்ல கட்டில் போட்டா கதவு முழுசா திறக்காது. லீ பக்கவாட்டுல நுழைஞ்சே வளர்ந்தான்."

"அளவு கணக்கில்ல மிஸ். ரூம்னா ரூம்தான்."

"சரி, வாடகைக்கு ஆள் வெச்சுக்கச் சொல்லுதே. ஆளைக் கவுன்சிலே அனுப்புமா? அனுப்பறதா இருந்தா போட்டோவை முதல்ல காட்டச் சொல்லு."

சிரித்துவிட்டு, நான்காவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இதுதான். வீடு பெருசா சின்னதாங்கிறது எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. ஒரு ரூம், ஒரு அடுப்பு, என் பேருல ஒரு சாவி. ஜனீன் வீட்டு சோபாவுல போய் விழாம இருந்தா போதும். அவளே வாடகை உதவியிலதான் ஓட்டறா."

நான் அதைக் குறிப்பேட்டில் 'மாறத் தயார்' என்று எழுதிக்கொண்டேன். அப்படி எழுதக் கிடைத்தவர்கள் குறைவு. பெரும்பாலான வீடுகளில் கதவைச் சாத்தினார்கள்.

பிப்ரவரி கடைசியில் சமூகக்கூடத்தில் 'வீடு மாற்றும் நாள்' நடத்தினோம். என் மேலாளர் நைஜலின் யோசனை. பெரிய வீட்டிலிருந்து சின்னதுக்குப் போக விரும்புகிறவர்கள் சட்டையில் நீல வில்லை ஒட்டிக்கொள்ள வேண்டும். சின்னதில் நெருக்கடியாக இருப்பவர்களுக்குச் சிவப்பு. நீலமும் சிவப்பும் எதிரெதிரே உட்கார்ந்து மூன்று நிமிடம் பேசினால் ஜோடி சேர்ந்துவிடும் என்று கணக்கு. காலை பத்து மணிக்குக் கூடத்தில் நீலம் நூற்றுப் பதினேழு, சிவப்பு எட்டு. ஆலைக் குடும்பங்களுக்காகக் கட்டிய ஊர் இது. ஒற்றை அறை வீடு கட்ட யாருக்கும் தோன்றியதில்லை.

தேநீர் வரிசையில் ஒருவர் சொன்னார், "ஒரே நீலமா இருக்கு. வீடு மாத்தற நாளா, போலீஸ் மாநாடா?"

நைஜல் ஒலிபெருக்கியில் ஏதோ விளக்கினார். யாரும் கேட்கவில்லை. அப்போது க்ளெண்டா மேடையேறி, அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். பதினோரு வருடமாக வியாழக்கிழமைதோறும் அதே கூடத்தில் பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடுகிறவர் அவர்தான்.

"எல்லாரும் உக்காருங்க. ரெண்டு குண்டம்மா, எண்பத்தெட்டு."

பிங்கோவில் எண்பத்தெட்டுக்கு அதுதான் பட்டப்பெயர். கூட்டம் பழக்கத்தில் உட்கார்ந்தது.

சிவப்பு வில்லைக்காரர்களை ஒவ்வொருவராகப் பக்கத்தில் நிறுத்தி, எண் கூப்பிடுவதுபோல அவர்கள் வீட்டைக் கூப்பிட்டார். மாடியா, தரையா, எந்தப் பேருந்து வரும், பக்கத்து வீட்டு நாய் குரைக்குமா. கை தூக்குகிறவர்களை அங்கேயே அலசினார். "டெரிக், உனக்கு மாடிப்படி ஆகாது, கையை இறக்கு." நண்பகலுக்குள் ஆறு வீடுகள் போய்விட்டன.

ஏழாவதாக வந்தது ஓர் இளம் தம்பதி. மூர் ரோட்டில் தரைத்தளம், ஒற்றை அறை. பெண்ணின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். மூன்று அறை வேண்டும் என்றார்கள். நான் மேடைக்குப் போய், "மிஸ், இது உங்களுக்குன்னே வந்திருக்கு" என்றேன்.

மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "கூப்பிடறவ சீட்டு வாங்கக் கூடாது. இன்னிக்கு நான் வாங்கினா அடுத்த வியாழக்கிழமை என்னை எவ நம்புவா?"

"இது பிங்கோ இல்ல மிஸ்."

"அவங்களுக்கு அது தெரியுமா?" என்று கூடத்தைக் காட்டினார். நாற்பது கைகள் மேலே இருந்தன.

அந்த இடத்தில் நான் மைக்கை இரண்டு நிமிடம் வாங்கியிருக்கலாம். அவர் கீழே இறங்கிக் கை தூக்கியிருப்பார். நான் அதைச் செய்யவில்லை. "பரவாயில்ல மிஸ், இன்னும் வரும். அதுவரைக்கும் குறையறதை கவுன்சிலோட சிரம நிதியிலேர்ந்து கொடுப்பாங்க" என்றேன். பயிற்சித் தாளில் அப்படித்தான் இருந்தது. மூர் ரோடு வீடு கூரியர் ஓட்டுநர் ஒருவருக்குப் போனது. மாலையில் நான் எழுதிய அறிக்கையில் 'எட்டு ஜோடிகள் சேர்ந்தன, பதினாறு குடும்பங்கள் பயன்பெற்றன' என்று இருந்தது. நைஜல் அதை மேலிடத்துக்கு அனுப்பினார். எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஏப்ரலில் உதவி குறைந்தது. சிரம நிதிக்கு க்ளெண்டாவின் விண்ணப்பத்தை நானே எழுதினேன். சூன் மாதம் பதில் வந்தது: முன்னுரிமை இல்லை. சக்கர நாற்காலிக்காக மாற்றிக் கட்டிய வீடுகளுக்கே நிதி போதவில்லை. அவர் தொலைக்காட்சி இணைப்பை நிறுத்தினார். மாடி அறைகளின் கதவுகளைச் சாத்திவிட்டுக் கீழேயே படுத்தார். அப்படியும் வாரா வாரம் வாடகையில் கொஞ்சம் பாக்கி நின்றது.

ஆகஸ்டில், பத்திரிகைக் கடைச் சன்னலில் ஒட்டிய அட்டை மூலம் அவரே ஒரு குடும்பத்தைப் பிடித்தார். ஸ்டேஷன் தெருவில் மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் நாலு பேர். வந்து பார்த்தார்கள். அந்தப் பெண் சின்ன அறையில் பக்கவாட்டில் நுழைந்து, சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு அழுதாளாம். "ரூமைப் பார்த்து இதுவரைக்கும் யாரும் அழுதது இல்ல கண்ணு. லீயைத் தவிர" என்றார் க்ளெண்டா.

படிவத்தை நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது. வாடகை நிலுவை உள்ளவர்கள் வீடு மாற்றிக்கொள்ள ஒப்புதல் இல்லை. முதலில் நிலுவையைத் தீர்க்க வேண்டும்.

நைஜலிடம் போனேன். "அந்த பாக்கி உபரி ரூமால வந்தது. ரூமை விடத்தான் அவங்க மாறவே கேக்கறாங்க."

"தெரியும் கிர்ஸ்டி."

"அப்ப?"

"மேல கேட்டேன். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணுங்கறாங்க."

"விடலாமே."

அவர் திரையில் அடுத்த கோப்பைத் திறந்தார். கெட்ட மனிதர் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

மருந்துக்கடை மாடிக் குடும்பம் மூன்று வாரம் காத்திருந்தது. பிறகு வேறு வீடு கிடைத்துப் போய்விட்டது.

அக்டோபரில் நீதிமன்ற எச்சரிக்கை வந்தது. க்ளெண்டா அதை நாலாக மடித்து ரொட்டி டப்பாவுக்குள் வைத்திருந்தார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார்.

"நீங்களா கொடுத்தா, அப்புறம் உங்களுக்கு வீடு தர வேண்டிய கடமை கவுன்சிலுக்கு இல்ல மிஸ்."

"இப்ப மட்டும் கடமையைச் செஞ்சு கிழிக்குதாக்கும்."

"கோர்ட்டுல பேசிப் பார்க்கலாம்."

"யாரு, நீயா?" கேலியாகத்தான் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைச் சொல்லல. ஜட்ஜு முன்னாடி நின்னு, முப்பத்தொரு வருஷம் ஒழுங்கா கட்டினேன்னு சொல்லிக்கிட்டிருக்க எனக்குத் தெம்பில்ல" என்றார்.

துண்டறிக்கையில் இருந்த நான்கு கட்டங்களையும் அவர் முயன்றுவிட்டார். அறைக்கு ஆள் தேடினார், யாரும் வரவில்லை. வேலைக்குக்கூட எழுதிப்போட்டிருந்தார். தட்டு தூக்க முடியாத சமையல்காரியை யார் எடுப்பார்கள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, அலுவலக முகப்பில் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முகவரி மாற்றப் படிவத்தை நிரப்பினார். பழைய முகவரி, புதிய முகவரி. புதியது ஜனீனுடையது. கடைசிப் பத்தியில் பேனா நின்றது.

"இந்த வீட்ல வேற யார் இருக்காங்கன்னு கேக்குதே. ஜனீன் பேரை எழுதணுமா?"

"எழுதணும் மிஸ்."

"எழுதினா?"

வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் அவர் வாடகைக்குப் பங்கு தருவார் என்று எடுத்துக்கொள்வது விதி. அந்தப் பங்கை ஜனீனின் வாடகை உதவியிலிருந்து கழிப்பார்கள். அதைச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"நான் பங்கு குடுக்காட்டி?"

"கொடுத்தாலும் கொடுக்காட்டியும் கழிப்பாங்க."

அவர் அங்கே தங்குவதை எழுதாமல் விட வழி இருக்கிறதா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவில்லை. மகள் பெயரைத் தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

"கழிக்கப் போறதா உங்க லெட்டர் அவளுக்கு எப்ப போகும்?"

"வெள்ளிக்கிழமை வாக்கில."

"ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமா? அதுக்குள்ள நானே அவகிட்ட சொல்லிடறேன்."

கடிதங்கள் கணினியிலிருந்து தானாகப் போகின்றன. "முயற்சி பண்றேன் மிஸ்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

கடிதம் வெள்ளிக்கிழமையே போய்விட்டது.