அண்ணன் வேண்டாமென்ற ஜீவனாம்சம்

என் இஸ்திரிக் கடையின் பாதியில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் பொத்தானக்கா. தேய்க்க வருகிற சட்டையில் பொத்தான் போயிருந்தால் விடமாட்டாள், பிடுங்கித் தைத்துக் கொடுப்பாள். அதனால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

புருஷன் மெத்தைக்கடைக்காரன். இருபது வருஷம் அவனுக்குப் பஞ்சு அடைத்துக் கொடுத்து, இளைப்பு நோய் வாங்கிக்கொண்டாள். பிள்ளை இல்லை. அவன் இவளை விட்டுவிட்டு இன்னொருத்தியைக் கட்டத் துடித்தான். ஆனால் இவளைத் தானாகத் தள்ளினால் நிக்காஹ்வில் அவளுக்குப் பேசின மஹர் பணமும், விலக்குக்குப் பின் மூன்று மாத இத்தா காலச் செலவும், அதற்கு மேல் கோர்ட்டு சொல்கிற ஜீவனாம்சமும் அவன் தலையில் விழும். தலாக் என்று வாயைத் திறக்காமல் இழுத்தடித்தான்.

ஜமாஅத்தில் பஞ்சாயத்து நடந்தது. நானும் போயிருந்தேன். லாரி ஓட்டுகிற அவள் அண்ணன் பொறுக்கமாட்டாமல் எழுந்தான்.

"மச்சான், உன் பிச்சைக் காசு யாருக்கு வேணும்? மஹரையும் நீயே வச்சுக்க! தங்கச்சிக்கு விடுதலையக் குடு, போதும். சோறு போட நான் இருக்கேன்!"

நாலு பேர் "ஆம்பளைடா!" என்றார்கள். மெத்தைக்கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க இஷ்டம்" என்றான். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது அவனுக்கு.

திரைக்குப் பின்னால் இருந்தவளிடம் சம்மதமா என்று கேட்டார்கள். சத்தம் இல்லை. அண்ணன் பேசின பேச்சுக்கு மேலே அவள் என்றைக்குப் பேசினாள்? நிக்காஹ் அன்றும் இப்படித்தான் வாய் திறக்கவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போதும் எடுத்துக்கொண்டார்கள். பெண்டாட்டியே கேட்டு வாங்கின விடுதலை, கொடுக்க ஒன்றுமில்லை என்று முடிந்தது.

அண்ணன் போட்ட சோறு வருஷம் திரும்பவில்லை. மாத்திரை வாங்குகிற நாளெல்லாம் அண்ணி பாத்திரத்தை உருட்டினாள். அப்புறம்தான் பொத்தானக்கா என் கடைக்கு வந்தாள். பொத்தான் தைத்து வாடகையும் கொடுத்து மாத்திரையும் வாங்க முடியுமா? ஜீவனாம்சம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாள்.

வக்கீலம்மா சொன்னது எனக்கே புரிந்தது. "உங்க அண்ணன் வந்து, கோவத்துல நானா சொன்னேன், அவளக் கேக்கலன்னு சொல்லட்டும். வழி இருக்கு."

அண்ணன் வந்தான். போட்டிருந்த சட்டை நான் தேய்த்தது. பின்வரிசையில் அன்றைக்கு "ஆம்பளைடா" சொன்ன அதே ஆட்கள். ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

"தங்கச்சியக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்" என்றான்.

நீதிபதி அவளைப் பார்த்தார். "நிஜமாம்மா?"

பொத்தானக்கா வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அது அடங்கின பிறகும் பேச்சு வரவில்லை. மனு தள்ளுபடி.

படிக்கட்டில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்க்கா, வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?"

"பொறந்த வீடுன்னு அது ஒண்ணுதான் பாய் மிச்சம். அதையும் கோர்ட்டுல விட்டுட்டு வரவா?"

போன வாரம் அந்த மிச்சம் கடைக்கு வந்தது. நீளம் குறைக்க மூன்று கால்சட்டை. "வீட்டுத் துணிதானே" என்று மெஷின்மேல் போட்டுவிட்டு லாரி ஏறிப் போய்விட்டான். கூலிப் பேச்சே இல்லை. அளவும் சொல்லவில்லை, அண்ணன் உயரம் அவளுக்குத் தெரியும்.

மூச்சு வாங்க வாங்கத் தைத்து முடித்து என் பக்கம் நீட்டினாள்.

"நல்லா மடிப்பு வச்சுத் தேய்ங்க பாய். அண்ணனுக்கு மடிப்பு நிக்கணும்."

தேய்த்துக் கொடுத்தேன்.