பேரைச் சொல்லிட்டு ஊத்து

'இந்தச் சுவர் மூச்சு விடுகிறது.' ஜோஹர் அப்படி நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மருமகள் வாயிலிருந்து வரக்கூடிய பேச்சா அது?

இது நடந்ததுதான். அல்ஜியர்ஸில், கடலை ஒட்டிய பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில், ஜனவரி மழையில், பட்டப்பகலில். ஜோஹர் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

அந்த வீட்டின் கடைசி அறை மூடியே கிடக்கும். அவள் கணவன் நதீரின் தங்கை நெஞ்சு நோயோடு அங்கேதான் படுத்திருந்தாளாம். இறந்து பத்தொன்பது வருடம். வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை, 'சின்னவள்' என்பார்கள். துக்கம் என்று ஜோஹர் நினைத்துக்கொண்டாள்.

ஐந்து வயது மகள் நஃபீஸாவை இனி அந்த அறையில் படுக்கவைக்கலாம் என்றார் மாமியார் ஸுஹூர். குழந்தைக்கோ மழை தொடங்கியதிலிருந்து இருமல். அங்கே கட்டில் உயரத்துக்குச் சுவரெல்லாம் பூசணம் கறுத்திருந்தது. அதைத் தேய்த்து எடுக்காமல் பிள்ளையை உள்ளே விடமாட்டேன் என்று ஜோஹர் சொல்லிவிட்டாள்.

"தேய்ச்சுக்கோ. ஆனா பேரைச் சொல்லிட்டு ஊத்து. படிச்ச பொண்ணு, மறந்துடுவே."

"நேத்து சூப்புல உப்பை மறந்தது நான் இல்ல மாமி."

சுடுநீர் கொட்டும் முன் இறைவன் பேரைச் சொல்வது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். கண்ணுக்குத் தெரியாதவர்கள் மேல் பட்டுவிடக் கூடாதே. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஜோஹரும் 'பிஸ்மில்லா' என்றாள். சுவரில் ஊற்றினாள்.

மணி மூன்று பத்து.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஈரத்தில் ஊதிப்போன மரம். இழுத்தாள். அசையவில்லை. மாமியார் வந்து தள்ளுவார் என்று தேய்க்கத் தொடங்கினாள்.

பூசணம் வழிந்து இறங்கியது. அடியில் இன்னொரு கறுப்பு இருந்தது. தேய்க்கத் தேய்க்க அது தெளிந்தது. ஒரு தலை… தோள்கள்… சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ஒருத்தியின் முதுகு.

மூன்று இருபது. இருமல் கேட்டது.

கூடத்தில் மகள்தான் என்று நினைத்தாள். மறுபடியும் இருமல். சளி கட்டிய, நீளமான இருமல்… சுவருக்குள்ளிருந்து. அந்தச் சுவருக்கு அப்பால் கடல் மட்டுமே.

கதவைத் தட்டினாள். உள்ளங்கை வலிக்கத் தட்டினாள். காற்று போதவில்லை.

"நஃபீஸா… பாட்டிய கூப்பிடு. நஃபீஸா…"

"என்ன?"

இளம்பெண்ணின் குரல்.

முதுகுக்குப் பின்னால்.

ஜோஹர் திரும்பவில்லை.

மூன்று முப்பத்தொன்று. கதவு தானாகத் திறந்தது.

வீட்டில் யாரும் இல்லை. கால்மணி கழித்து மாமியாரும் குழந்தையும் ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்களாம்.

ஜோஹர் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். எந்தப் பேரைச் சொன்னாய் என்று கேட்டார். 'பிஸ்மில்லா'தான் என்றாள்.

"அது எல்லா வீட்டுக்கும். அந்த அறைக்கு அவ பேரைச் சொல்லணும்." ரொட்டியை அப்போதுதான் கீழே வைத்தார். "சின்னவ பேரு நஃபீஸா. உன் மகளுக்கு நான்தானே பேரு வச்சேன்?"

நதீருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். இந்த ஐந்து வருடமாக, மகளைக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும்… ஜோஹரால் மேலே நினைக்க முடியவில்லை.

"தனியாவே கெடந்து போனா என் பொண்ணு. அந்தப் பேருள்ளவ பக்கத்துல படுத்தா அடங்கிடுவா. கட்டிலை இன்னைக்கே போட்டுடு, மகளே."

அதட்டல் இல்லை. கெஞ்சல். பெற்றவளின் கெஞ்சல். ஜோஹருக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

குழந்தை இருமினாள். கடைசி அறையிலிருந்து, ஒரு கணம் தள்ளி, இன்னோர் இருமல்.

ஜோஹர் மகளைத் தூக்கிக்கொண்டாள். அவள் காலணிகளைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாள்.

"மாட்டேன் மாமி," என்றாள் மெதுவாக.