மூச்சில் தொங்கிய காளை

யுத்த காலத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, ராயபுரத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குறட்டை விட்டவன் நான். அன்றைக்கு எனக்கு வரவேண்டிய பயம் வழி தவறி எங்கேயோ சுற்றியிருக்கிறது. ஏழெட்டு வருஷம் கழித்து, யுத்தமும் முடிந்து சுதந்திரமும் வந்து எல்லோரும் சாவகாசமாக இருந்த ஒரு காலையில், நான் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. நெஞ்சு தடதடத்தது. விரல்கள் மரத்தன. மூச்சு உள்ளே போனது, வெளியே வரும் வழியை மறந்துவிட்டது. சாகிறேன் என்று முடிவு செய்து பாயில் நீட்டிப் படுத்தேன். கால் மணி நேரமாகியும் சாகவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை செத்தேன். முதல் தடவை என் மனைவி அழுதாள். இரண்டாம் தடவை ஜெபமாலையை எடுத்தாள். ஐந்தாம் தடவை மீன் அரிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, இன்னிக்குமா? போறதுன்னா அந்தக் கிருஷ்ணாயில் டின்ன எறக்கி வச்சுட்டுப் போ. எனக்கு எட்டல."

இறக்கி வைத்தேன். வைத்து முடிப்பதற்குள் சாவு போய்விட்டது.

வீட்டில் சாவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வேலையில் செத்தால்தான் வம்பு. நான் துறைமுகத்தில் சிக்னல்காரன். கப்பலின் மேல்தளத்தில், சரக்கு ஏறி இறங்கும் வாயோரம் நிற்பேன். சரக்கைத் தூக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கீழே கரையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. நான் உள்ளங்கையை மேலே உயர்த்தினால் சரக்கைத் தூக்குவார், கவிழ்த்து இறக்கினால் இறக்குவார், முஷ்டியை மூடினால் நிறுத்துவார். எனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவருக்கு ஒருநாள் கை நடுங்கியது. மறுநாளே எங்கள் மேஸ்திரி அவரைக் கப்பலின் வயிற்றுக்குள் அனுப்பி, சிந்திய கோதுமையைப் பெருக்கப் போட்டுவிட்டார். நான் எட்டு வருஷமாக மேலே நிற்கிறவன். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவதைவிட ஒரேயடியாகச் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். ஆனால் சாவதற்குத்தான் பயமாக இருந்ததே!

தண்டையார்பேட்டை டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். குழாயை வைத்துக் கேட்டார், முதுகைத் தட்டினார், நாக்கைப் பார்த்தார்.

"உம்முடைய இருதயம் நன்றாக இருக்கிறது" என்றார்.

எனக்கு நம்பிக்கையில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார்.

"முன்னைவிட நன்றாக இருக்கிறது. மூச்சை இழுக்கிறீர், விட மறந்துபோகிறீர். அவ்வளவுதான். என்ன வேலை?"

"கப்பல்ல சிக்னல் குடுக்கறேன், டாக்டர்."

"கை வேலையா? நல்லதாகப் போயிற்று. மூச்சை இழுக்கும்போது கையை மெல்ல உயர்த்தும். விடும்போது மெல்ல இறக்கும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். கண்ணை மூடிக்கொள்ளும். பயம் எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடத்திலேயே செய்யும். வெட்கப்படாதீர்."

அவர் கப்பலில் ஏறிப் பார்த்திருக்கமாட்டார். தினமும் ஏறுகிறவன் நான். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு பூசையில் எங்கள் மேஸ்திரியின் மகளுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண், மாப்பிள்ளை பெயர்களை மாதா கோயிலில் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் கை உயர்த்திச் சொல்லலாம் என்று சுவாமியார் கேட்பார். என் ஆயுசில் யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிரசங்கம் நரகத்தைப் பற்றி. பாதியிலேயே என் நெஞ்சு கிளம்பிவிட்டது. பிரசங்கம் முடிந்து சுவாமியார் ஓலையை எடுத்தபோது தாங்க முடியவில்லை; வெட்கப்படாமல் கண்ணை மூடினேன். மூச்சை இழுத்தேன், கையை உயர்த்தினேன். விட்டேன், இறக்கினேன். மறுபடி உயர்த்தியபோது கோயில் ரொம்ப அமைதியாக இருப்பது காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தேன். ஓலையைக் கையில் பிடித்தபடி சுவாமியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாட்டுக்காரர்கள், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதலில் உயர்த்தினீர், பிறகு இறக்கினீர், மறுபடியும் உயர்த்துகிறீர். தடை இருக்கிறதா, இல்லையா?" என்றார் சுவாமியார்.

"கொசு, சுவாமி" என்றேன்.

பூசை முடிந்ததும் மேஸ்திரி என்னை வாசலில் மடக்கினார். துறைமுகத்தில் அவர் ஒரு அதட்டுப் போட்டால் கடல்காகங்கள்கூட இடத்தைக் காலி செய்யும்.

"இன்னாய்யா தெரியும் உனக்கு எம் பொண்ணப் பத்தி? தெரிஞ்சா இங்கியே சொல்லு."

"ஒண்ணும் தெரியாது மேஸ்திரி. கொசுதான்."

"ரெண்டு தபா தூக்கினியே, ரெண்டு கொசுவா?"

உண்மையைச் சொன்னால் துடைப்பம். சொல்லாமல் விட்டால் அந்தப் பெண் தலையில் பழி. நான் வீரன் அல்லவா, தலையைச் சொறிந்துகொண்டு நழுவினேன். செவ்வாய்க்கிழமைக்குள் எண்ணூரிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் ஆள் அனுப்பிவிட்டாள்: பெண்ணிடம் ஏதாவது இருந்தால் இரண்டாம் ஓலைக்கு முன்னால் சொல்லிவிடட்டும், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். மேஸ்திரி அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. வைவதைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் பயங்கரம்.

என் மனைவி சும்மா இருக்கவில்லை. "நீ வாரத்துக்கு ரெண்டு தபா சாவறே. அந்தப் பொண்ணு ஒரே தபா செத்துடும். போய்ச் சொல்லு" என்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளைக்கு ஒரு காளை வந்தது.

ஏதோ சர்க்கார் மாட்டுப் பண்ணைக்காகக் கடல் தாண்டி வந்த சீமைக் காளை. கறுப்பும் வெள்ளையும். கழுத்து மட்டும் என் வீட்டுக் கதவு அகலம். வயிற்றுக்கடியில் கித்தான் பட்டை கொடுத்துக் கட்டி, விஞ்சில் மாட்டித் தூக்கினோம். கீழே கரையில் மேஸ்திரியும், கையில் வாழைப்பழச் சீப்போடு பண்ணை ஆபீசரும் அண்ணாந்து நின்றார்கள். காளை என் தலை உயரத்துக்கு வந்து, கப்பலின் விளிம்பைத் தாண்டி, நாலு காலும் அந்தரத்தில் தொங்க என்னைத் திரும்பிப் பார்த்தது. தினம் காலையில் என் வீட்டுக் கண்ணாடியில் நான் பார்க்கிற அதே முழி. கத்தக்கூடத் தோன்றாத முழி.

அவ்வளவுதான். என் நெஞ்சு கிளம்பிவிட்டது. பயம் வந்த இடத்திலேயே செய்யச் சொன்னாரே டாக்டர். கண்ணை மூடினேன். கை உயர்ந்தது. கை இறங்கியது. கை உயர்ந்தது. கை இறங்கியது. விஞ்ச் கர்ரென்றது, கொர்ரென்றது. ஆறேழு மூச்சுக்குப் பிறகுதான், என் மூச்சுக்குத் தகுந்தாற்போல் விஞ்ச் ஏன் சத்தம் போடுகிறது என்று யோசித்தேன்.

கண்ணைத் திறந்தால், காளை மேலே போய்க்கொண்டிருந்தது. நான் மூச்சை விட்டேன், காளை கீழே வந்தது.

அலறியடித்து முஷ்டியை மூடினேன். விஞ்ச் நின்றது. நின்றதும் காளை உதைக்க ஆரம்பித்தது. பட்டை ஒரு பக்கமாக நகர்ந்தது. கீழே பண்ணை ஆபீசர் வாழைப்பழத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

"யோவ்! நிறுத்தாத!" என்று மேஸ்திரி கீழேயிருந்து கத்தினார். "முன்ன இன்னா பண்ணிகினு இருந்தியோ அத்தயே பண்ணு! ஆட்டிகினே இருந்தப்போ சும்மா கெடந்துச்சுய்யா!"

விஞ்ச் ஓட்டுகிற பாய் வண்ணாரப்பேட்டைக்காரர். லீவரைப் பிடித்தபடி, "சீக்கிரம் சொல்லு மாமு, தூக்கறதா எறக்கறதா?" என்றார்.

எதுவும் சொல்லும் நிலையில் நான் இல்லை. நான் மூச்சு விட்டால்தான் காளை பிழைக்கும், காளை பிழைத்தால்தான் நான் பிழைப்பேன். இழுத்தேன், கை உயர்ந்தது, காளை ஒரு முழம் ஏறியது. விட்டேன். டாக்டர் சொன்ன நீளம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் விட்டேன். அடிவயிற்றில் எந்தக் காலத்திலோ தங்கிப்போன காற்றையெல்லாம் தேடிப் பிடித்து வெளியே விட்டேன். காளை மூன்று முழம் இறங்கியது. மறுபடி ஒரு முழம் மேலே, மூன்று முழம் கீழே. தூளியில் போட்ட பிள்ளை மாதிரி காளை காலைத் தொங்கவிட்டது. பாதி வழியில் கண் செருகியது. அதன் உடம்பில் இருந்த இறுக்கமெல்லாம் வாலுக்கடி வழியாக மேஸ்திரியின் தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை.

கரையில் கால் பட்டதும் காளை ஒரு தடவை தும்மிவிட்டு, சிதறிக் கிடந்த வாழைப்பழத்தைத் தின்ன ஆரம்பித்தது. அப்போதுதான் கவனித்தேன், என் நெஞ்சில் சத்தமே இல்லை. செத்துவிட்டேனா என்று தொட்டுப் பார்த்தேன். அடித்துக்கொண்டுதான் இருந்தது, யாரையும் தொந்தரவு செய்யாமல்.

"உனக்கு சந்தேகமே வரலியா பாய்?" என்று கேட்டேன்.

"கை சொல்லுது, நான் செய்யறேன். ஏன்னு கேட்டா ரெண்டு பேரும் பேஜாராயிடுவோம்" என்றார் பாய். தோளைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "ஆனா ஒண்ணு மாமு, உன் கைய பாத்துகினே நானும் மூச்சு வுட்டேனா, தோள்பட்ட வலி காணோம். நாளைக்கும் போடு" என்றார்.

மேஸ்திரி தோளைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? டீ ஆறிப்போனதிலிருந்து டாக்டர் சொன்னதுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துடைப்பத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் என் கையையே பார்த்தார்.

"அப்போ ஞாயித்திக்கெழம தூக்கினதும் இந்தக் கைதானா?"

"இதேதான் மேஸ்திரி."

"எம் பொண்ணு மேல ஒண்ணும் இல்லியே?"

"பயமெல்லாம் எம் மேலதான்."

மேஸ்திரி அப்படியே கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நாலு நாளா தூங்கலய்யா. கீழ நின்னுகினு நானும் கூடவே மூச்சு வுட்டேன். நல்லாத்தான் கீது" என்றார். பிறகு பழைய அதட்டல் திரும்பி வந்தது. "உன்ன பெருக்கப் போட்டா அடுத்த மாட்ட யாரு எறக்கறது? மேலயே நில்லு. கண்ண மட்டும் மூடாத. இந்த ஞாயித்திக்கெழம ரெண்டாம் ஓலைக்கு எண்ணூர்லருந்து அந்தம்மாவே வருது. நீ எம் பக்கத்துல ஒக்கார்றே. கை கீழயே இருக்கணும். தூக்கினே, வெட்டிடுவேன்."

ஞாயிறு வந்தது. முதல் வரிசை. மேஸ்திரி தன் இடது கையால் என் வலது கையைப் பெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் மாப்பிள்ளையின் தாயார், என் கையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்ற தீர்மானத்தோடு உட்கார்ந்திருந்தாள். சுவாமியார் பெயர்களை வாசித்தார். தடை ஏதும் உண்டா என்று கேட்கும் முன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்டார். கோயில் முழுக்கக் காத்திருந்தது. நான் கண்ணைத் திறந்தபடி, கையை ஆட்டாமலே மூச்சை நீளமாக விட்டேன். என் கை பெஞ்சிலேயே கிடந்தது.

கிடந்தும் யாரும் மூச்சு விடவில்லை. சுவாமியார் என் பக்கத்தில் பார்த்தார். நானும் திரும்பினேன். என் கையைப் பிடித்திருந்த மேஸ்திரி கண்ணை இறுக மூடியிருந்தார். நெற்றியில் வேர்வை. அவருடைய வலது கை மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.

"மேஸ்திரி," என்றார் சுவாமியார், "பெண்ணின் தகப்பனார் நீங்கள்தானே?"

நான் முஷ்டியை மூடி அவர் விலாவில் இடித்தேன். கண்ணைத் திறந்தார். தன் கையை அண்ணாந்து பார்த்தார். இத்தனை பெரிய மனிதருக்கு வேறு எதுவும் அகப்படவில்லை.

"கொசு, சுவாமி" என்றார்.

பெண்கள் பக்கத்தில் முதலில் வெடித்த சிரிப்பு என் மனைவியுடையது. அது எனக்குத் தெரியும். ஆனால் அடங்காமல் கடைசிவரை சிரித்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் எண்ணூர்க்காரி.